கிறுக்கா, கலையா? பிரபலங்களின் வினோத நடத்தை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே காரியத்தை ஒருவர் செய்தால் பைத்தியம், இன்னொருவர் செய்தால் கலை என்கிறோமே, ஏன்?

தெருவில் ஒருத்தர் தனக்குத்தானே பேசிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு எதிரே வருகிறார். நாம் லேசாக ஒதுங்குகிறோம். பக்கத்தில் வந்ததும் காதில் இயர்போன் தெரிகிறது. ஓ, போன். ஒதுங்கிய கால் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அவர் பேச்சிலோ கையிலோ ஒரு மாற்றமும் இல்லை. நமக்குத் தகவல் ஒன்று கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

பிரபலங்கள் விஷயத்தில் அந்த இயர்போன் வேறு வேறு உருவத்தில் வரும். மேடையாக வரலாம், மியூசியச் சுவராக வரலாம், ஏற்கெனவே வாங்கிய விருதாக வரலாம். ஒன்றரை வருஷம் கழித்து வெளியாகும் படமாகவும் வரலாம். தமிழில் நம்மிடம் இதற்கு ஒரு தனி அளவுகோலே இருக்கிறது. பிடிக்காதவன் செய்தால் "அவன் ஒரு மாதிரி." பிடித்தவர் செய்தால் "அவரு அப்படித்தான்." செயலில் வித்தியாசம் இல்லை, விகுதியில் இருக்கிறது. கிறுக்கு என்ற சொல்லையே பாருங்கள். புத்தி பிசகினாலும் கிறுக்கு, தாளில் பேனாவால் இழுத்தாலும் கிறுக்கு. தன் கவிதையைத் தானே 'ஏதோ கிறுக்கல்' என்று கவிஞர் அடக்கமாகச் சொல்லலாம், நாம் சொன்னால் சண்டைக்கு வருவார்.

எல்லோரும் உதாரணமாகச் சொல்லும் வாக்கீன் ஃபீனிக்ஸ் விவகாரம் என்ன?

2008 அக்டோபர் கடைசியில், ஆஸ்கருக்கு இரண்டு முறை பரிந்துரைக்கப்பட்ட நடிகர் ஒருவர் இனி நடிக்கமாட்டேன், ராப் பாடப் போகிறேன் என்றார். அதுதான் ஃபீனிக்ஸ். 2009 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கிளப் ஒன்றில் பாடினார். பாட்டு சகிக்கவில்லை. கடைசியில் மேடையிலிருந்து கீழே விழுந்தார்.

அடுத்த மாதம், பிப்ரவரி 11 அன்று, டேவிட் லெட்டர்மேனின் இரவு நேரப் பேட்டி நிகழ்ச்சிக்கு வந்தார். 'டூ லவர்ஸ்' என்ற படத்துக்கு விளம்பரம் செய்யத்தான் வந்தது. கறுப்பு சூட், கறுப்புக் கண்ணாடி, நெஞ்சைத் தொடப்போகும் தாடி. கேட்ட கேள்விக்கு முனகல்தான் பதில். படத்தைப் பற்றிக் கேட்டாலும் தலை நிமிரவில்லை. காட்டுக் குடிசையில் ஒளிந்திருந்து தபாலில் வெடிகுண்டு அனுப்பிய 'யூனாபாம்பர்' என்ற குற்றவாளியோடு சேர்த்துவைத்து லெட்டர்மேன் அவர் தாடியைக் கிண்டல் செய்கிறார், அரங்கம் குலுங்குகிறது. நடுவில் ஃபீனிக்ஸ் மெல்ல வாயிலிருந்து சூயிங்கத்தை எடுத்து லெட்டர்மேனின் மேசைக்கு அடியில் ஒட்டுகிறார். கடைசியில் லெட்டர்மேன் அவரைப் பார்த்தே, இன்றைக்கு நீங்கள் வர முடியாமல் போனதற்கு வருந்துகிறேன் என்றார்.

பதினோரு நாள் கழித்து ஆஸ்கர் மேடையில் பென் ஸ்டில்லர் அதே தாடி, அதே கண்ணாடியோடு வந்து அவரை நடித்துக் காட்டினார். உலகமே சிரித்தது. போதைப் பொருளா, மன முறிவா, வெறும் விளம்பரமா என்று பேச்சு ஓடியது. அண்ணன் ரிவர் ஃபீனிக்ஸ் 1993-ல் போதைப் பொருளால் இறந்தவர் என்பதால் உண்மையாகவே பயந்தவர்களும் உண்டு.

2010 செப்டம்பரில் 'ஐ'ம் ஸ்டில் ஹியர்' என்ற படம் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. இயக்கியவர் கேசி அஃப்லெக், அப்போது ஃபீனிக்ஸின் தங்கை கணவர். படம் ஆவணப்படம் போலவே இருந்தது. தியேட்டருக்கு வந்த அடுத்த வாரம், செப்டம்பர் 16 அன்று, நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் அஃப்லெக் குட்டை உடைத்தார்: அத்தனையும் நடிப்பு. படத்தின் தொடக்கத்தில் வரும் ஃபீனிக்ஸின் சிறுவயது வீட்டு வீடியோகூட ஹவாயில் நடிகர்களை வைத்து எடுத்தது. பழசாகத் தெரிய வேண்டும் என்று வீடியோ டேப்பில் பதிந்து தேய்த்திருக்கிறார்கள்.

அந்த லெட்டர்மேன் பேட்டியை நான் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் பார்த்தபோது கண்ணில் பட்டது ஃபீனிக்ஸின் முனகல். தெரிந்து பார்த்தபோது கண்ணில் பட்டது அரங்கத்தின் சிரிப்பு. நிலைமை சரியில்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அத்தனை பேர் எவ்வளவு நிம்மதியாகச் சிரித்திருக்கிறார்கள்!

'எல்லாம் நடிப்பு' என்றதும் பாராட்டு குவிந்ததா?

இல்லை. முதலில் எரிச்சல்தான் வந்தது. அவருக்காகக் கவலைப்பட்டு எழுதியவர்கள் ஏமாந்த ஆத்திரத்தில் இருந்தார்கள். அமெரிக்காவில் படம் ஐந்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. 'டூ லவர்ஸ்' நல்ல படம். இந்தக் கூத்தில் அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போனது, பாவம்.

கலை என்ற பெயர் பிறகு மெதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. 2013-ல் 'த மாஸ்டர்' படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை, 2020-ல் 'ஜோக்கர்' படத்துக்கு ஆஸ்கர் என்று வரிசையாக வந்த பிறகு, அந்தத் தாடிக் காலம் அவருடைய துணிச்சலின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அவர் திரும்பி வராமலே போயிருந்தால் அதே படம் ஒரு சரிவின் சாட்சியாகக் கிடந்திருக்கும்.

இதில் பலர் தாண்டிப் போகும் பக்கம் ஒன்று உண்டு. அந்தப் படத்தில் வேலை செய்த இரண்டு பெண்கள் 2010-ல் அஃப்லெக் மீது பாலியல் தொல்லை புகாரோடு வழக்குப் போட்டார்கள். அவர் மறுத்தார். வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தன. அந்தப் படப்பிடிப்பின் சூழல் தொழில்முறையாக இல்லாமல் போனதற்கு வருந்துவதாக 2018-ல் அவரே சொன்னார். 'நாங்கள் கலை செய்கிறோம்' என்று சுவர் எழுப்பும்போது, அந்தச் சுவருக்குள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் படுவது நடிப்பில் சேராது.

இந்த மாதிரி முதலில் செய்தவர் ஃபீனிக்ஸ்தானா?

ஆண்டி காஃப்மனை விட்டுவிட்டு இந்தப் பேச்சே கிடையாது. 1949-ல் நியூயார்க்கில் பிறந்தவர். நகைச்சுவைக் கலைஞர் என்று மற்றவர்கள் சொன்னார்கள், அவர் ஒத்துக்கொண்டதில்லை. 1979-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளர்களைப் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார். அதுவரை எல்லோருக்கும் செல்லப்பிள்ளை.

பிறகு பெண்களோடு மல்யுத்தம் செய்ய ஆரம்பித்தார், அவர்களை மட்டமாகப் பேசி வம்புக்கு இழுத்து. ஜெரி லாலர் என்ற தொழில்முறை மல்யுத்த வீரர் 1982 ஏப்ரலில் மெம்ஃபிஸ் நகரில் காஃப்மனைத் தலைகீழாகத் தூக்கிக் குத்தினார். காஃப்மன் கழுத்தில் பட்டையோடு திரிந்தார். ஜூலையில் இருவரும் லெட்டர்மேன் நிகழ்ச்சிக்கு வந்தார்கள் (ஆமாம், அதே லெட்டர்மேன்). லாலர் ஓங்கி அறைய காஃப்மன் நாற்காலியோடு விழுந்தார். எழுந்து, கெட்ட வார்த்தையில் கத்தி, காபியை லாலர் மேல் வீசினார். எல்லாம் பேசிவைத்துக்கொண்டு செய்தது என்பது பத்து வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் வெளியே வந்தது.

அந்த வருஷமே நவம்பரில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நகைச்சுவை டிவி நிகழ்ச்சி தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது: காஃப்மன் வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்று 1,95,544 பேர், வேண்டும் என்று 1,69,186 பேர். அதன் பிறகு அவர் அதில் நேரலையாகத் தோன்றவே இல்லை. இன்று அவரை மேதை என்று வகுப்பெடுக்கிறார்கள். அந்த வாக்கெடுப்பில் தோற்றவரும் இவரேதான்.

அப்படியானால் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் தலையை மழித்துக்கொண்டது?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான்.

2007 பிப்ரவரி 16 இரவு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டார்சானா என்ற இடத்தில் ஒரு சின்ன முடிதிருத்தும் கடை. கடைக்காரப் பெண்மணி மழிக்க மறுத்தார். பிரிட்னி தானே மெஷினை எடுத்து ஓட்டினார். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே புகைப்படக்காரர்கள் முண்டியடித்தார்கள். மறுநாள் உலகம் முழுக்க அதே படம். ஒரு வருஷத்துக்கு அது சிரிப்புக்கு மூலப்பொருள். 'பிரிட்னி இந்த வருஷம் எதையெல்லாம் இழந்தார்' என்று ஒரு டிவி போட்டியில் கேள்வியாகவே கேட்டார்கள்.

நம்மூரில் யோசித்துப் பாருங்கள். பழனியில் மொட்டை, திருப்பதியில் மொட்டை, குழந்தைக்கு முதல் மொட்டை. சந்தனம் பூசிய தலையோடு ஒரு பெண் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பது "எந்தக் கோயில்ல வேண்டுதல்?" என்றுதான். ஏன் மழித்தாய் என்று யாரும் பதறுவதில்லை. காரணம் தலையிலேயே எழுதியிருக்கிறது. அதே தலை டார்சானாவில் காரணம் இல்லாமல் நின்றது, அதனால் ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள். மேடையில் விளக்கு வைத்து, பின்னால் இசை ஓடவிட்டு, பாட்டின் உச்சத்தில் அவர் அதே மெஷினை எடுத்திருந்தால்? அந்த வருஷத்தின் துணிச்சலான நிகழ்ச்சி என்று எழுதியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

ஆண்டுக்கணக்காகத் தன்னை மேலும் கீழும் அளந்துகொண்டே இருந்தவர்களுக்கு எதிராகத் திருப்பித் தள்ளியதுதான் அந்த மொட்டை என்று 2023-ல் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே எழுதினார். அர்த்தம் இருந்த செயல்தான். அந்த அர்த்தத்தைக் கேட்க அன்றைக்கு ஒரு ஆள் இல்லை.

பின்விளைவைக் கவனியுங்கள். ஃபீனிக்ஸ் முகத்தை மழித்துக்கொண்டு திரும்பி வந்தார். பிரிட்னி 2008 பிப்ரவரியில் நீதிமன்றம் அமைத்த பாதுகாவலர் ஏற்பாட்டுக்குள் போனார். பணம், வேலை, உடல்நலம் எல்லாவற்றிலும் முடிவெடுக்கும் அதிகாரம் முக்கியமாக அவர் அப்பா கைக்குப் போனது. அது முடிந்தது 2021 நவம்பர் 12 அன்று. 13 வருஷம். இடையில் லாஸ் வேகாஸில் மட்டும் 2013 முதல் 2017 வரை 248 நிகழ்ச்சிகளில் ஆடிப் பாடினார். தன் காசைத் தானே செலவு செய்யும் அளவுக்குப் புத்தி சரியில்லை, ஆனால் நாலு வருஷம் மேடையில் உழைக்கும் அளவுக்குச் சரியாக இருக்கிறது! இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மேடையில் நடந்தால் கலை, வெளியே நடந்தால் கிறுக்கு. இப்படிச் சுலபமாகப் பிரித்துவிடலாமா?

மேடை ஏமாற்றவும் செய்யும். 1936 ஜூலை 1, லண்டனில் சர்ரியலிஸ்ட் (கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கும் இயக்கம்) கண்காட்சி. ஓவியர் சால்வடார் டாலி உரையாற்ற வந்தார், ஆழ்கடல் முக்குளிப்பவர் போடும் கனமான உடையில். தலையில் உலோகக் கூண்டு, ஒரு கையில் பில்லியர்ட்ஸ் கோல், இன்னொரு கையில் இரண்டு நாய்கள். ஆழ்மனதுக்குள் குதிக்கிறாராம். பேச ஆரம்பித்தார், ஒரு சொல்லும் வெளியே கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கையைக் காலை உதறினார். கூட்டத்துக்கு ஒரே குஷி, டாலி இன்றைக்குப் பிரமாதம் என்று. உண்மையில் கூண்டுக்குள் காற்று தீர்ந்து அவருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. யாருக்கோ உறைத்து, ஸ்பேனர் தேடிக் கொண்டுவந்து கழற்றியதால் பிழைத்தார்.

தெருவில் ஒருவர் அப்படித் துடித்தால் தண்ணீரோடு ஓடுவோம். மேடையில் துடித்தால் கை தட்டுவோம்.

மேடையிலேயே செய்தும் பைத்தியக்காரப் பட்டம் வாங்கியவர்கள் உண்டா?

ஷினேட் ஓ'கானர். அயர்லாந்துப் பாடகி. 1992 அக்டோபர் 3 அன்று 'சாட்டர்டே நைட் லைவ்' நேரலையில், இசைக்கருவி எதுவும் இல்லாமல் பாப் மார்லியின் ஒரு பாட்டைப் பாடி, குழந்தைகள் மீதான வன்கொடுமையைக் குறிக்கும்படி சொற்களை மாற்றி, கடைசியில் போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் காமிராவுக்கு நேராகக் கிழித்துப் போட்டார். அரங்கம் உறைந்தது, ஒரு கைதட்டல் இல்லை. அடுத்த வாரம் அதே மேடைக்கு வந்த நடிகர் ஜோ பெஷி, நான் இருந்திருந்தால் ஓங்கி அறைந்திருப்பேன் என்கிற மாதிரி பேசிக் கைதட்டல் வாங்கினார். நியூயார்க்கில் ஓ'கானரின் இசைத்தட்டுகளை ரோடு ரோலரால் நசுக்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாட வந்தவரைக் கூச்சல் போட்டே பாடவிடாமல் செய்தார்கள்.

அந்தப் படம் இறந்துபோன அவருடைய அம்மாவின் அறைச் சுவரில் இருந்தது. குழந்தையாக இருந்த ஓ'கானரை அடித்துத் துன்புறுத்தியவர் அந்த அம்மா. கிழித்ததற்குப் பின்னால் இப்படி ஒரு பாதை இருந்தது, பார்த்தவர்களுக்கு அது தெரியாது. 2002-ல் பாஸ்டன் குளோப் நாளிதழ் குழந்தைகள் மீதான பாதிரியார்களின் குற்றங்களையும் அவற்றைத் திருச்சபை மூடி மறைத்ததையும் வெளிக்கொண்டு வந்தது. 2010-ல் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கு எழுதிய கடிதத்தில் போப் பதினாறாம் பெனடிக்ட் வருத்தம் தெரிவித்தார். 2023 ஜூலையில் ஓ'கானர் இறந்தபோது அதே வீடியோவைத் தீர்க்கதரிசனம் என்று பகிர்ந்தார்கள். முப்பது வருஷம் பிந்தி வந்த கைதட்டல்.

இடம் மாறினால் பட்டம் மாறும் என்பதற்கு ஒரே ஆளை வைத்து உதாரணம் சொல்ல முடியுமா?

ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா. 1966-ல் வெனிஸ் கலைக் கண்காட்சிக்கு முறையான அழைப்பு இல்லாமல் போனார். கண்காட்சி வளாகத்துப் புல்வெளியில் கண்ணாடி போல முகம் காட்டும் 1,500 பிளாஸ்டிக் உருண்டைகளைப் பரப்பி, தங்க நிறக் கிமோனோ உடுத்தி நின்று, உருண்டை ஒன்று இரண்டு டாலர் என்று கூவி விற்றார். ஹாட் டாக், ஐஸ்கிரீம் விற்கிற மாதிரி இங்கே கலையை விற்கக் கூடாது என்று நிர்வாகம் நிறுத்தியது. 1993-ல் அதே வெனிஸில் ஜப்பானின் அதிகாரபூர்வப் பிரதிநிதி அவர். அந்தப் படைப்பு இன்று மியூசியம் மியூசியமாகப் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுவயதிலிருந்தே அவருக்கு மாயக் காட்சிகள் தெரிகின்றன. 1977 முதல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தன் விருப்பத்தின் பேரில் வாழ்ந்தபடி, பக்கத்திலேயே ஸ்டூடியோ வைத்து ஓவியம் வரைந்தார். நோயும் உண்மை, கலையும் உண்மை. 'கிறுக்கா, கலையா' என்று தலைப்பில் நானே கேட்டிருக்கிறேன், குசாமாவிடம் அந்தக் கேள்வி செல்லாது.

திறமை இருந்தால் எல்லாம் மன்னிக்கப்படுமா?

பெருமளவு, ஆமாம். கனடாவின் பியானோ மேதை கிளென் கூல்ட் வெயில் காலத்திலும் ஓவர்கோட்டும் கையுறையும் போடுவார். அப்பா காலை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்த பழைய மடக்கு நாற்காலியைத்தான் உலகம் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தார். இருக்கைத் துணி கிழிந்து சட்டம் மட்டும் மிஞ்சிய பிறகும் அதில்தான் உட்கார்ந்து வாசித்தார். வாசிக்கும்போது முனகுவார், ஒலிப்பதிவிலேயே அது கேட்கும். ரசிகர்கள் அந்த முனகலைக் காது கொடுத்துத் தேடிக் கேட்கிறார்கள். ஆனால் ஃபுளோரிடாவில் பூங்கா பெஞ்சு ஒன்றில் அதே கோட்டு, தொப்பி, கையுறையோடு உட்கார்ந்திருந்தவரை நாடோடி என்று சந்தேகப்பட்டுப் போலீஸ் பிடித்தது. பியானோ பக்கத்தில் இல்லை, அதுதான் குற்றம்.

சமூக உளவியலில் எட்வின் ஹாலண்டர் 1958-ல் ஒரு கருத்தை வைத்தார். குழுவுக்குப் பயன்படும் ஆளாக இருந்து ஒருவர் சேர்த்துவைக்கும் நல்ல பெயர் ஒருவித வங்கி இருப்பு, விலகி நடக்கும்போது அதிலிருந்து செலவாகிறது என்று. கூல்ட் கணக்கில் நிறைய இருந்தது, பூங்காவில் அந்தப் பாஸ்புக் செல்லவில்லை.

வினோதமாக நடந்தால் கலைஞனின் மதிப்பு கூடுமா?

கூடும் என்று ஆய்வே இருக்கிறது. வைனண்ட் வான் டில்பர்க், எரிக் இகோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014-ல் வெளியிட்டது. வான் கோ காதை அறுத்துக்கொண்டார் என்ற தகவலைச் சொன்ன பிறகு அவருடைய சூரியகாந்தி ஓவியம் பார்ப்பவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது. ஆனால் கலை மரபான வகையாக இருந்தால் அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை. வினோதம் போலி என்று தோன்றினாலும் கிடைக்கவில்லை. 'ஸீன் போடுறான்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் ஐந்து சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஒரே மாதிரி கலை நிகழ்ச்சி, ஒன்றுக்குக் கண்ணீர், இன்னொன்றுக்குக் கேலி. ஏன்?

தன் உடலையே கலையாக வைத்து நிகழ்ச்சி நடத்தும் கலைஞர் மரீனா அப்ராமோவிச் 2010 மார்ச் முதல் மே வரை நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். 700 மணி நேரத்துக்கு மேல். உட்கார்ந்தவர்களில் பலர் அழுதார்கள். 2014 பிப்ரவரியில் நடிகர் ஷையா லபாஃப் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் கேலரி ஒன்றில் அதே போல உட்கார்ந்தார். 'நான் இனி பிரபலம் இல்லை' என்று பையில் எழுதியிருந்தது. பெரும்பாலான பத்திரிகைகள் கேலி செய்தன.

வித்தியாசம் உட்கார்ந்த விதத்தில் இல்லை. அப்ராமோவிச்சுக்குப் பின்னால் இதே துறையில் நாற்பது வருஷம் இருந்தது. லபாஃபுக்குப் பின்னால் இரண்டு மாதப் பழைய திருட்டுக் குற்றச்சாட்டு இருந்தது: டேனியல் க்ளோஸின் சித்திரக்கதையை அனுமதியின்றிக் குறும்படமாக்கி மாட்டியிருந்தார். மாட்டிய பிறகு பிறக்கும் கலையை மக்கள் நம்புவதில்லை. அதில் தப்பும் இல்லை.

வீடியோவைப் பார்த்து 'இவருக்கு இந்த நோய்' என்று சொல்லலாமா?

கூடாது. மருத்துவர்களுக்கே கூடாது. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'ஃபேக்ட்' என்ற பத்திரிகை மனநல மருத்துவர்களிடம் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் பற்றிக் கேட்டது. அவர் மனநிலை அந்தப் பதவிக்குத் தகுதியற்றது என்று 1,189 பேர் பதில் எழுதினார்கள். அவரை நேரில் பரிசோதிக்காமலே. கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காத, சம்மதம் தராத பொது ஆளுமையைப் பற்றி மருத்துவக் கருத்து சொல்லக் கூடாது என்று விதியே எழுதியது. யூடியூப் தம்ப்நெயிலில் 'மனநோயா?' என்று கேள்விக்குறி போட்டுவிட்டால் அந்த விதியைத் தாண்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இங்கே நிறைய.

இந்தியாவில் 2017-ன் மனநலச் சட்டம் இதைவிட நேராகவே பேசுகிறது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்புகளுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது.

பாரதியையும்தான் பைத்தியம் என்றார்கள்?

இந்தத் தலைப்பில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் பாரதி வந்துவிடுவார். ஊரே ஒதுக்கியது, 1921-ல் இறுதி ஊர்வலத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் 'இவரையும் பைத்தியம் என்றார்கள், ஆகவே அவரும் மேதை' என்பது திண்ணைத் தர்க்கம். ஊர் ஒதுக்கியவர்களில் எழுத்தை விட்டுப் போனவர் பெயர் மட்டும்தான் நமக்குத் தெரியும். மற்றவர்களைப் பற்றி யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

கலைஞன் என்ற உரிமம் எப்போது காலாவதியாகும்?

அடுத்தவர் மேல் விழும்போது. அமெரிக்க ராப் பாடகர் கன்யே வெஸ்ட் 2018-ல் தனக்கு இருமுனைக் கோளாறு இருப்பதை வெளியில் சொன்னார். அவருடைய பல வினோதங்களை அதுவரையும் அதன் பிறகும் 'அவரு அப்படித்தான்' என்று ஏற்றுக்கொண்டார்கள். 2022 அக்டோபரில் யூதர்கள் மீது வெறுப்பைக் கக்கியபோது அடிடாஸ் நிறுவனம் உறவை முறித்தது. நோய் இருப்பதால் இரக்கம் கிடைக்கும். வெறுப்புப் பேச்சுக்கு அது மருத்துவச் சீட்டு ஆகாது. இந்தக் கோளாறு உள்ள எத்தனையோ பேர் யாரையும் வெறுக்காமல் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

சரி, நடக்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?

நிச்சயமான வழி கிடையாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கதவு யார் கையில் இருக்கிறது? ஃபீனிக்ஸ் நினைத்த அன்று தாடியை எடுக்க முடிந்தது. லேடி காகா 2010-ல் மாட்டிறைச்சி உடையில் விருது வாங்கிவிட்டு அன்றிரவே கழற்றிப் போட முடிந்தது (அந்த உடை பிறகு பதப்படுத்தப்பட்டுக் கிளீவ்லாந்தில் காட்சிக்குப் போனது). டாலியால் கூண்டைக் கழற்ற முடியவில்லை. பிரிட்னியால் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களை அனுப்ப முடியவில்லை.

வீட்டு ஆள் யாராவது திடீரென்று தூக்கம் இல்லாமல், சாப்பாடு இல்லாமல், பழைய ஆளாகவே இல்லாமல் நடந்துகொண்டால் கலையா என்று ஆராய வேண்டாம். அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், இலவசம்.

ஆண்டி காஃப்மன் உண்மையிலேயே இறந்துவிட்டாரா?

இந்தக் கேள்வி இன்னமும் வருகிறது. ஆம். 1984 மே 16, லாஸ் ஏஞ்சலஸ், நுரையீரல் புற்றுநோய், வயது 35. சிகரெட் பழக்கம் இல்லாத மனிதர். நோயைச் சொன்னபோது அதையும் ஒரு வேடிக்கை என்று நினைத்தவர்கள் உண்டு. கடைசி வைத்தியமாக பிலிப்பைன்ஸுக்குப் போய், கத்தி இல்லாமல் வெறும் கையால் கட்டியை எடுப்பதாகச் சொல்லும் ஆள்களிடம் படுத்தார். அதுவும் காஃப்மன் பாணி நிகழ்ச்சி மாதிரியே இருந்தது. அவர் திரும்பி வருவார் என்று ரசிகர்கள் பல வருஷம் காத்திருந்தார்கள். 2013-ல்கூட ஒரு பெண் மேடையேறித் தான் அவர் மகள், அப்பா உயிரோடு இருக்கிறார் என்றார். அந்தப் பெண் நடிகை.